வானொலியில் விடிகாலை கேட்ட அந்த ட்யூன்... ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர் போட்டதா? யார் இந்த வால்டர் காஃப்மன்?

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பங்களில் நாள் தொடங்குவது இருட்டில்தான். கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், வெளிச்சம் வருவதற்கு முன்பே படகு இறங்கிவிடும். செல்போன் வராத காலத்தில் காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா, எந்தத் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்தது வானொலி வழியாகத்தான். வானிலைச் செய்திக்கும் முன்னால், நிலையம் திறக்கும்போது, தம்புராவின் மேல் ஒரு வயலின் மெதுவாக ஏறி இறங்கும். திரும்பத் திரும்ப அதே மெட்டு. அதற்குப் பிறகுதான் ஆகாசவாணி என்ற குரல்.

தமிழ்நாட்டில் 40 வயதைத் தாண்டிய யாருக்கும் அந்த மெட்டை முனகிக் காட்டத் தெரியும். அதைப் போட்டவர் பெயர் மட்டும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அவர் வால்டர் காஃப்மன். இந்தியர் இல்லை. யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஐரோப்பாவில் எதிர்காலம் மூடப்பட்டு, 26 வயதில் மும்பையில் வந்து இறங்கிய அகதி.

வெந்நீர் ஊற்று ஊரில் பிறந்தவர்

1907 ஏப்ரல் 1 அன்று கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் காஃப்மன் பிறந்தார். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். அப்போது அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியா ஆனது. இன்றைக்கு செக் குடியரசில் கார்லோவி வாரி என்ற பெயரில் இருக்கிறது. வீட்டில் பேசியது ஜெர்மன்.

பெர்லின் இசைக் கல்லூரியில் இசையமைப்பை ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கரிடமும், இசை ஆய்வை குர்ட் சாக்ஸிடமும் படித்தார். இரண்டு பேரும் அந்தத் துறையில் பெரிய கைகள். சாக்ஸ் உலகம் முழுவதும் உள்ள இசைக்கருவிகளை வகைப்படுத்தியவர். காஃப்மனுக்குக் கிழக்கத்திய இசை மீது காது திரும்பியதற்கு அவரும் ஒரு காரணம்.

பிறகு ப்ராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில், இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வேட்டை எழுதி முடித்தாகிவிட்டது. கையில் பட்டம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் தன் வழிகாட்டிப் பேராசிரியர் அங்கிருந்த நாஜி இளைஞர் அமைப்பை நடத்துபவர் என்று அவருக்குத் தெரியவந்தது. அந்தக் கையால் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். பல வருஷ உழைப்பு, அதுவும் வேலை கிடைப்பதே கஷ்டமான காலத்தில். பிற்காலத்தில் செய்த எத்தனையோ விஷயங்களை விட, அவர் யார் என்பதை இந்த ஒரு முடிவே அதிகம் சொல்கிறது.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் ஆனார். சில மாதங்களிலேயே யூத இசைக்கலைஞர்கள் மேடைகளில் இருந்தும், யூத ஆசிரியர்கள் கல்லூரிகளில் இருந்தும் விரட்டப்பட்டார்கள். ஷ்ரேக்கர் பதவி இழந்து, 1934 மார்ச்சில் இறந்துபோனார். சாக்ஸ் பாரிஸுக்குப் போய், அங்கிருந்து நியூயார்க் சேர்ந்தார்.

ஏன் இந்தியா?

பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. விசா சுலபமாகக் கிடைத்தது. பிற்காலத்தில் காஃப்மனே ஒளிக்காமல் சொன்ன காரணம் இதுதான். 1934 பிப்ரவரியில் மும்பை வந்து சேர்ந்தார். தெரிந்தவர் என்று பெரிதாக யாரும் இல்லை. அந்த ஊர் இசையின் தலையும் வாலும் புரியவில்லை.

இந்திய சங்கீதத்தின் இசைத்தட்டுகளை முதன்முதலாகக் கேட்டபோது அவருக்கு அது அந்நியமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்டும் அப்படியே. ஆனா அவர் யோசித்த விதம் வேறு. இவ்வளவு கோடிப் பேர் மனதைக் கொடுத்துக் கேட்கிற இசை இது, அறிவும் உணர்வும் உள்ள மனிதர்கள் உருவாக்கியது, எனக்குப் பிடிபடவில்லை என்றால் குறை என்னிடம்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். இந்தியாவிலேயே தங்கிப் படிப்பது என்று தீர்மானித்தார். அன்றைய ஐரோப்பியர்கள் பலர் நம்ம சங்கீதத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இந்த அடக்கம் எவ்வளவு அபூர்வம் என்பது புரியும்.

அவருக்கு முன்னாலேயே கரை ஒதுங்கியவர்கள்

காஃப்மன் வந்து இறங்கிய மும்பையில் ஏற்கெனவே யூதர்கள் இருந்தார்கள். நூற்றாண்டுகளாக இருந்தார்கள். இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள், தங்கள் மூதாதையர் வந்த கப்பல் கரைக்குப் பக்கத்தில் உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் பிழைத்துக் கரை ஏறினார்கள் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வேதச் சுருள்கள் எல்லாம் கடலோடு போய்விட்டன. நினைவில் தங்கியது ஷெமா என்ற ஒரு பிரார்த்தனை. கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் பிரார்த்தனை அது. பிறந்த குழந்தைக்கும் அதைச் சொன்னார்கள், இறந்தவருக்கும் அதையே சொன்னார்கள். செக்கு ஆட்டி எண்ணெய் எடுப்பது தொழில். சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொட மாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்.

நல்ல காரியம் என்றால் அவலும் தேங்காயும் பழங்களும் வைத்து, எலியா தீர்க்கதரிசியை அழைத்துப் பாடுவது அவர்கள் வழக்கம். மலிதா என்று பெயர். 19-ம் நூற்றாண்டில் பைபிள் கதைகளை மராத்திக் கீர்த்தனமாகப் போட்டு, நம்ம ஊர் கதாகாலட்சேபம் மாதிரியே பாடவும் செய்தார்கள். புத்தகம் போனாலும் பாட்டும் கூட்டமும் இருந்தால் ஒரு சமூகம் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு மும்பையிலேயே இப்படி ஓர் உதாரணம் இருந்தது.

இவர்களைத் தவிர, ஈராக் பக்கம் இருந்து வந்த பாக்தாதி யூதர்களும் மும்பையில் இருந்தார்கள். சசூன் குடும்பம் அவர்களில் பிரபலம். ஐரோப்பாவில் இருந்து அகதிகள் வர ஆரம்பித்ததும், 1934-ல் யூதர் நிவாரணச் சங்கம் ஒன்று மும்பையில் உருவானது. தங்க இடம், வேலை, அரசாங்கத்திடம் ஜாமீன் என்று பல உதவிகளை அது செய்தது.

வியாழக்கிழமைக் கச்சேரி

காஃப்மனின் ஆறுதல் பெரும்பாலும் இசையில்தான் இருந்தது. யூத மரபில் கூட்டுப் பிரார்த்தனைக்கு குறைந்தது பத்துப் பேர் வேண்டும் என்று ஒரு விதி உண்டு. தனியாக வேண்டிக்கொள்ளலாம், ஆனா சில பிரார்த்தனைகளை ஆள் சேர்ந்தால்தான் சொல்ல முடியும். காஃப்மன் மும்பை வந்ததும் செய்த வேலை கிட்டத்தட்ட அதேதான். ஆள் சேர்த்தார்.

வந்து மூன்றே மாதத்தில், 1934 மே மாதம், பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். வாராவாரம் வியாழக்கிழமை, வில்லிங்டன் ஜிம்கானாவில் கச்சேரி. பியானோவில் காஃப்மன், வயலினில் மெஹ்லி மேத்தா, செல்லோவில் எடிஜியோ வெர்கா. ஒரு செக் யூதர், ஒரு பார்சி, ஓர் இத்தாலியர். 1937 மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள் நடந்து முடிந்திருந்தன. மூன்று வருஷத்துக்கு இது சாதாரண எண்ணிக்கை இல்லை.

மெஹ்லி மேத்தாவின் மகன்தான் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் சுபின் மேத்தா. அவர் பிறந்தது 1936-ல். அதே 1936-ல், ஐரோப்பாவில் வேலை இழந்த யூத இசைக்கலைஞர்களைக் காப்பாற்றிக் கூட்டிவந்து பாலஸ்தீனத்தில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார் ப்ரோனிஸ்லாவ் ஹ்யூபர்மன் என்ற வயலின் கலைஞர். பின்னாளில் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் ஆன அந்தக் குழுவுக்குப் பல பத்தாண்டுகள் இசை இயக்குநராக இருந்தவர் சுபின் மேத்தா. அகதி யூதரோடு மும்பையில் வயலின் வாசித்தவரின் மகன், அகதி யூதர்களுக்காக உருவான குழுவை வழிநடத்தினார்!

சிவரஞ்சனியில் ஒரு மெட்டு

அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936-ல் வந்தது. காஃப்மன் 1937 முதல் 1946 வரை அதன் மும்பை நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். அடையாள மெட்டு இந்தக் காலகட்டத்தின் தொடக்கத்தில் பிறந்தது. சென்னை நிலையம் திறந்தது 1938 ஜூன் 16 அன்று.

மெட்டுக்கு அடிப்படை சிவரஞ்சனி ராகம். ச ரி க ப த என்று ஐந்தே ஸ்வரங்கள். ராஜாஜி எழுதி எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய குறையொன்றுமில்லை ஆரம்பிப்பதும் இதே ராகத்தில்தான். சோகம் உண்டு, ஆனா அழ வைத்து உட்கார வைக்கிற சோகம் இல்லை. அடியில் தம்புரா, மேலே மேற்கத்திய பாணியில் வயலின். வாசித்தது மெஹ்லி மேத்தா என்று சொல்லப்படுகிறது. ஜான் ஃபோல்ட்ஸ், தாக்கூர் பல்வந்த் சிங் ஆகியோரும் இந்த மெட்டை உருவாக்கியவர்களாகச் சிலரால் சொல்லப்படுகிறார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது காஃப்மன் பெயரை.

யூத வேதத்தில் 137-வது சங்கீதம் என்று ஒரு புலம்பல் உண்டு. பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் அது தெரிந்ததுதான். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள், அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு ஆற்றங்கரையில் அழுகிறார்கள். காஃப்மன் கின்னரத்தை மரத்தில் மாட்டவில்லை. அந்நிய மண்ணின் ராகத்தைக் கற்றுக்கொண்டு அதிலேயே இசையமைத்தார்.

ஊரில் என்ன நடந்தது?

1938 அக்டோபரில் கார்ல்ஸ்பாட் ஹிட்லர் கைக்குப் போனது. அடுத்த மாதமே, நவம்பரில், அங்கிருந்த பெரிய யூத ஜெபக்கூடம் கொளுத்தப்பட்டது. காஃப்மனின் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். காஃப்காவின் மூன்று தங்கைகளும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். மும்பையில் வியாழக்கிழமை வாசித்துக்கொண்டிருந்தவருக்கு, திரும்பிப் போக ஊர் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதும் அவர் கை நீட்டினார். ப்ராக் நண்பர், எழுத்தாளர் வில்லி ஹாஸ் 1939-ல் தப்பி இந்தியா வர உதவினார். மோகன் பவ்னானியின் படக் கம்பெனியில் ஹாஸுக்குக் கதை எழுதும் வேலை கிடைத்தது. அந்த ஹாஸ்தான் பிறகு காஃப்காவின் மிலேனா கடிதங்களைப் பதிப்பித்தவர். பவ்னானி படங்களுக்கு காஃப்மனும் இசையமைத்தார்.

இந்தியாவிலும் நிலைமை இதமாக இல்லை. போர் அறிவித்ததும், ஜெர்மன், ஆஸ்திரிய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களை எதிரி நாட்டவர் என்று ஆங்கிலேய அரசு பிடித்து முகாமில் வைத்தது. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த யூதர்களும் அதில் மாட்டினார்கள். விசாரித்து விடுவிக்க நாள் ஆனது. போர் தொடங்கி ஒரு மாதத்தில், 1939 அக்டோபர் 1 அன்று, காஃப்மனின் அனசூயா வானொலியில் ஒலித்தது. இந்தியாவின் முதல் வானொலி ஓபரா அது. மற்ற நேரங்களில் கோண்டு, பைகா பழங்குடி மக்களின் பாட்டுகளைத் தேடிப் போய்க் குறிப்பெடுத்தார்.

மும்பையை விட்டுப் போன பிறகு

1946-ல் இங்கிலாந்து போனார். 1947-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ். 1948 முதல் வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர். அங்கே பியானோ கலைஞர் ஃப்ரீடா ட்ரெபெலை மணந்தார். 1957-ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்து, 20 வருஷம் பாடம் நடத்தினார். முனைவர் பட்டத்தை வேண்டாம் என்று தள்ளியவர் பேராசிரியர் ஆனார்.

1968-ல் வட இந்திய ராகங்கள் பற்றிய புத்தகம். 1976-ல் தென்னிந்திய ராகங்கள் பற்றிய புத்தகம். நம்ம கர்நாடக ராகங்களின் ஸ்வர அமைப்புகளை மேளகர்த்தா முறைப்படி தொகுத்த தடிமனான அட்டவணை அது. தலையும் வாலும் புரியாத இசை என்று இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு 42 வருஷம் கழித்து வந்த புத்தகம்.

1984 செப்டம்பர் 9 அன்று ப்ளூமிங்டன் நகரில் காஃப்மன் காலமானார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் இண்டியானா பல்கலைக்கழக இசை நூலகத்தில் இருக்கின்றன. நாஜிகளால் துரத்தப்பட்ட இசையமைப்பாளர்களின் படைப்புகளைத் தேடி எடுத்து வாசிக்கும் கனடாவின் ஏ.ஆர்.சி. குழு, 2020-ல் அவருடைய இசையை ஓர் ஆல்பமாக வெளியிட்டது. வானொலி மெட்டைத் தவிர காஃப்மன் வேறு என்ன எழுதினார் என்று கேட்க நினைப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.