வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன்

நடுக்குவாதம் என்னும் வியாதியை உலகத்து வைத்தியர்கள் இன்று ஓர் ஆங்கிலேயரின் பெயரால் வழங்கி வருகின்றனர். அப்பெயரைக் கேட்டவர் அநேகர். அப்பெயருக்குரியவர் ஜனங்களின் உரிமைக்காக அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளானவர் என்பதை அறிந்தவர் சிலரே. ஜேம்ஸ் பார்க்கின்ஸனின் வைத்தியத்தையும் அரசியலையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்ப்பது தவறென்பது நமது அபிப்பிராயம். பிறர் கண்டும் காணாமற் செல்லும் மனிதரை நின்று பார்ப்பதே இரண்டிலும் அவர் கையாண்ட வழி.

லண்டன் நகரைச் சேர்ந்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் 1755-ஆம் வருஷம் ஏப்ரல் 11-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை ஜான், அங்கே மருந்து கொடுத்தும் ரணசிகிச்சை செய்தும் வந்தவர். மகனும் அத்தொழிலையே கற்று 1784-ல் ரணவைத்தியராக அங்கீகாரம் பெற்றார். அந்தப் பேட்டையிலேயே தமது ஆயுளையும் கழித்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடையாது. 1792-ல் தாமஸ் ஹார்டி என்னும் செருப்புத் தொழிலாளி, ஆண்மக்கள் அனைவருக்கும் வாக்குரிமை கோரி, லண்டன் கரஸ்பாண்டிங் சொஸைட்டி என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். பார்க்கின்ஸன் அதில் அங்கத்தினராகச் சேர்ந்து, ஓல்ட் ஹ்யூபர்ட் என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். இரத்தம் சிந்தாமலே மாறுதல் செய்யலாம் என்பது அவற்றுள் ஒன்றின் பொருள். ஆயினும் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு வெருண்டிருந்த ஆட்சியாளர் எங்கும் சதியையே கண்டனர். 1794-ல், நாடகசாலையில் அரசரை விஷ அம்பு எய்து கொல்லச் சிலர் சூழ்ச்சி செய்தனர் என்று குற்றஞ்சாட்டிச் சங்கத்தார் சிலரைச் சிறையிலிட்டனர். பார்க்கின்ஸனும் பிரிவி கௌன்ஸில் முன் நிறுத்தப்பட்டார். பிரதம மந்திரி பிட் அங்கே வீற்றிருந்தார். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தப்படமாட்டார் என்ற உறுதியைப் பெறாமல் அவர் வாய் திறக்க மறுத்தார். முடிவில் அவ்வழக்கில் ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

பிற்காலத்தில் அவர் பூகர்ப்ப ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1807-ல் லண்டன் பூகர்ப்பவியல் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். எனினும் அவர் பெயரை நிலைநாட்டியது, தமது 62-ஆம் வயதில், 1817-ல், அவர் வெளியிட்ட ஒரு சிறு நூலேயாகும். அதற்கு ஆதாரமாயிருந்தவர் ஆறே பேர். அவர்களுள் ஒருவர் தோட்டக்காரர். இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர். இன்னொருவரை அவர் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. கை நடுங்கிக் கூனி நடந்து செல்லும் கிழவரை அத்தெருவில் எத்தனையோ பேர் கண்டிருப்பர். வயதின் விளைவு என்று நினைத்துப் போயிருப்பர். பார்க்கின்ஸன் பல நடுக்கங்களினின்று இதைத் தனி வியாதியாகப் பிரித்தறிந்தார். ஒரு கையில் சிறிதாகத் தொடங்கும் நடுக்கம், கை சும்மாயிருக்கும்போதே தோன்றுவதையும், மெல்ல மெல்ல மற்ற அவயவங்களுக்குப் பரவுவதையும், உடல் முன்சாய்ந்து நடை ஓட்டமாக மாறுவதையும் வரிசையாக எழுதினார். வியாதிக்கு மூலம் கழுத்துப் பகுதியிலுள்ள தண்டுவடம் என்று அவர் கொண்ட ஊகம் பின்னர் தவறாயிற்று. ஆனால் அதை ஊகமென்றே அவர் ஒப்புக்கொண்டு, உண்மையைக் கண்டுபிடிக்கும்படி பிறரை வேண்டிக்கொண்டார். 1824-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி அவர் காலமானார்.

அவ்வேண்டுகோள் வீண்போகவில்லை. பாரிஸ் நகர வைத்தியர் ஷார்க்கோ அந்நோய்க்கு அவர் பெயரை வழங்கினார். 1919-ல் மூளையின் அடிப்பகுதியிலுள்ள கரும்பொருள் என்னும் இடம் இந்நோயில் சிதைவது தெரியவந்தது. அங்கிருந்து வரவேண்டிய டோபமின் என்னும் பொருள் குறைவதை 1960-ல் வியன்னா ஆராய்ச்சியாளர் காட்டினர். அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் லெவோடோபாவை 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர் என்பது நமக்குப் பெருமை தருவது. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

இன்று பல தேசங்களில் இந்நோயின் ஆராய்ச்சி நடைபெறுகிறது. அங்கே உதவியாளர்களாக இளைஞர் பலர் உழைக்கின்றனர். முதியவரை நாற்காலியிலிருந்து எழுந்து, சில கஜ தூரம் நடந்து திரும்பச் செய்வதும், கட்டைவிரலோடு ஆட்காட்டி விரலைத் தட்டச் செய்வதும், ஆகும் காலத்தைக் குறிப்பதும் அவர்கள் வேலை. இதை அற்ப வேலையென்று எண்ணலாகாது. நடந்து திரும்பும் தருணத்தில் கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவதுண்டு. பக்கத்தில் நிற்பவர் அயர்ந்தால் முதியவர் விழுந்து எலும்பு முறியும். மருந்து உட்கொண்டு எவ்வளவு நேரமாயிற்று என்று கேளாமல் எழுதிய கணக்கு பயன்படாது. அவசரப்படுத்தினாலோ கணக்கே பொய்யாகும். முகம் அசைவற்றிருப்பதாலும் குரல் தாழ்ந்திருப்பதாலும் அவருக்கு அறிவில்லையென்று கருதுவது பெரும் அநீதி. அவர் சோதனைப் பொருளல்லர். சம்மதித்து உதவ வந்த மனிதர்.

வறுமையைத் தலைவிதியென்று சொல்லித் தள்ளுவதும், நோயை முதுமையென்று சொல்லித் தள்ளுவதும் ஒரே மனப்பான்மையின் விளைவுகள். பார்க்கின்ஸன் இரண்டையும் ஏற்கவில்லை. ஜனசேவையில் ஈடுபட்டுள்ள நம்மவர் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் போகும் வழியில், தெருவோரத்தில் தளர்ந்து நடக்கும் முதியவரையும் நின்று கவனிப்பாராக. அந்தப் பெரியாருக்கு நாம் செய்யத்தக்க ஞாபகார்த்தம் அதுவே.