நீல நிறம் காட்டிய வழி

ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவனின் கால் தசையில் அமிலம் பெருகுகிறது. ஆயினும் தசையின் உயிரணு தன் அமிலத்தன்மையை ஓர் எல்லைக்குள் நிறுத்திக்கொள்ளப் போராடுகிறது. இவ்வியப்பின் ஒரு முடிச்சை அவிழ்த்தவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவனாகிய நான், அறிந்த அளவில் அவர் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறையே வென்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. அதனுடன் 1922-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை 1925-இல் வெளியிட்டார். உப்புப் பகுப்பாய்வில் நாம் அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து மஞ்சள் வீழ்படிவு காண்கிறோம் அல்லவா? அதற்கு உறவான முறைதான் இது. இங்கே மாலிப்டேட்டுக் கூட்டுப்பொருள் ஒடுக்கமடைந்து நீல நிறம் தரும். நிறத்தின் அடர்த்தி பாஸ்பேட்டின் அளவைச் சொல்லும்.

தசைச் சாற்றில் மட்டும் நீலம் மெல்ல மெல்லவே ஏறியது. சோதனை கெட்டதென்று குழாயைக் கவிழ்த்திருக்கலாம். அவர்களோ காரணம் தேடினர். எளிதில் சிதையும் ஒரு புதுப்பொருள் சாற்றில் இருந்து, சிறிது சிறிதாகப் பாஸ்பேட்டை விடுவித்தது! 1927-இல் அறிவிக்கப்பட்ட அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். அது தன் பாஸ்பேட்டை அடினோசின் டைபாஸ்பேட்டுக்கு ஈந்து, அதனை அதனினும் ஆற்றல் மிக்க 'அடினோசின் டிரைபாஸ்பேட்' ஆக மாற்றும்போது, ஒரு ஹைட்ரஜன் அயனியையும் விழுங்குகிறது. ஆற்றலும் கிடைக்கிறது, அமிலமும் சற்றுத் தணிகிறது. அந்த அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் இவ்விருவர் 1929-இல் தசையிலிருந்து பிரித்தனர். ஜெர்மனியில் லோமனும் அதே ஆண்டில் கண்டார்.

இன்று உயிரணுவின் அமிலச் சமநிலையைக் கணிப்பொறியில் சமன்பாடுகளாக எழுதுகின்றனர். சோடியத்தை உள்ளே வாங்கி ஹைட்ரஜன் அயனியை வெளியேற்றும் புரதம், பைகார்பனேட், பாஸ்பேட் ஆகியவற்றோடு, தசைக்கான கணக்கில் பாஸ்போகிரியேட்டினுக்கும் இடமுண்டு.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமல், 1940-இல் லெடர்லி மருந்து ஆய்வகம் சென்றார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியதும், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அங்கே அவர் வழிநடத்திய பணிகள். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் வீங்கிய காலோடு நடந்த முதியோரை நான் கண்டிருக்கிறேன். அந்நோய்க்கு வீடுதோறும் கொடுக்கப்பட்ட மாத்திரை அதுவே. 1948 ஆகஸ்டில், 53 வயதில், நியூயார்க்கில் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இருமுறை தோற்றவரின் பெயர் இன்று பாடநூலில் நிற்பது எனக்குப் பெருந்தெம்பு. நண்பர்களே, நம் சோதனைக் குழாயிலும் எதிர்பாராத நிறம் வருமாயின், கவிழ்க்கும் முன் ஏன் என்று கேட்போம்.