டானியல் பூர்

டானியல் பூர் (ஜூன் 27, 1789 - பெப்ரவரி 3, 1855) அமெரிக்கக் கிறித்தவ மதப்பரப்புனரும் கல்வியாளரும் ஆவார். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை குருமடத்தின் முதல் அதிபராகப் பணியாற்றினார். 1830களின் நடுப்பகுதியில் மதுரைக்கு வந்து, அங்கும் பல பள்ளிகளை நிறுவினார். தமிழ்ச் சிறுவர்களுக்கு ஆங்கிலத்தையும் மேலைநாட்டு அறிவியலையும் முறையாகக் கற்பித்த முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமை

பூர், ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள டான்வர்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். 1811 இல் டார்ட்மவுத் கல்லூரியிலும், 1814 இல் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் கல்வியை நிறைவு செய்தார். 1815 அக்டோபரில் மனைவி சூசனுடன் டிரையட் என்ற கப்பலில் நியூபெரிபோர்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தார்.

யாழ்ப்பாணத்தில்

1816 இல் தெல்லிப்பழையில் தங்கிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை இப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. பூர் தமிழைக் கற்று, தமிழிலேயே சொற்பொழிவாற்றும் திறன் பெற்றார்.

உறைவிடப் பள்ளிக்கு மாணவர்களைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. கிறித்தவர் வளாகத்தில் உணவு உண்டால் சாதி கெடும் எனப் பெற்றோர் அஞ்சினர். இதனால் மாணவர்களுக்கெனத் தனிச் சமையற்கூடம் ஏற்படுத்தப்பட்டது. மாணவர்களின் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றனர். அவர்கள் விரும்பிய பெயர்கள் மாணவர்களுக்கு இடப்படுவதும் உண்டு. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை போன்ற பெயர்கள் அக்காலத்தை நினைவூட்டுகின்றன.

வட்டுக்கோட்டை குருமடம்

1823 இல் உயர்கல்விக்காக வட்டுக்கோட்டை குருமடம் நிறுவப்பட்டது. மதுரை செல்லும் வரை பூர் இதன் அதிபராக இருந்தார். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், மெய்யியல் ஆகியன இங்கு கற்பிக்கப்பட்டன. மேலைநாட்டு அறிவியலை விளக்கும் தமிழ் நூல்கள் அப்போது மிகக் குறைவு. ஆகவே அவ்வறிவை அடையும் வாயிலாக ஆங்கிலம் கருதப்பட்டது. அதே வேளையில், தம் மக்களிடம் தெளிவாகப் பேசவும் எழுதவும் வல்லவராக மாணவர்கள் விளங்க வேண்டும் என்பதால் தமிழ் இலக்கண இலக்கியங்களும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

வானியல் பாடம் வகுப்பறைக்கு வெளியேயும் விவாதத்தை எழுப்பியது. 1829 மார்ச் மாதம் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் கூறியதில் பிழை இருப்பதாகப் பூர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் அவரது கணிப்பையொட்டியே அமைந்தது. இதனை அவர் மத விவாதங்களிலும் பயன்படுத்தினார்.

மதுரையில்

1820 முதல் இலங்கைக்குப் புதிய அமெரிக்க மதப்பரப்புனர்கள் வருவதை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தடுத்திருந்தார். 1833 இல் இத்தடை நீங்கியபின் அமெரிக்க மிசன் தன் பணியை விரிவாக்கி, 1834 இல் மதுரையில் நிலையம் அமைத்தது. அங்கு அனுப்பப்பட்ட பூர், 37 பள்ளிகளை நிறுவியதாகக் கூறப்படுகிறது. இவற்றைக் குதிரையில் சென்று அடிக்கடி பார்வையிட்ட அவர், வழியில் கூடிய மக்களிடம் குதிரைமீது அமர்ந்தபடியே பேசுவதும் வழக்கம்.

அவர் 1841 இல் யாழ்ப்பாணம் திரும்பினார். 1842 இல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி தொடங்கிய குருமடம், 1845 இல் இன்றைய காளவாசலுக்குத் தெற்கே உள்ள பசுமலைக்கு மாற்றப்பட்டது. பசுமலையில் 1881 இல் உருவான கல்லூரியே பின்னர் தல்லாகுளத்திற்கு இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி ஆகும்.

மறைவும் ஆங்கிலக் கல்வி பற்றிய சர்ச்சையும்

1848 இல் அமெரிக்கா சென்ற பூர், பின்னர் இலங்கை திரும்பி மானிப்பாயில் பணியாற்றினார். 1855 பெப்ரவரி 3 இல் வாந்திபேதி நோயால் அங்கு காலமானார்.

அதே ஆண்டில் மிசன் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, மதுரையையும் யாழ்ப்பாணத்தையும் பார்வையிட்டது. ஆங்கிலம் கற்ற மாணவர்கள் திருச்சபைப் பணியை விட்டு அரசுப் பணிகளை நாடுகின்றனர் என்பது மிசனின் கவலையாக இருந்தது. தாய்மொழிக் கல்வியே போதும் என்ற நிலைப்பாட்டின்படி வட்டுக்கோட்டை குருமடம் மூடப்பட்டது. பசுமலையிலும் ஆங்கிலக் கல்வி குறைக்கப்பட்டது.

ஆனால் ஆங்கிலம் கற்றதால் மாணவர்கள் தமிழிலிருந்து விலகிவிடவில்லை. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இளங்கலைப் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையில் பயின்றவர்கள். இவர்களுள் தாமோதரம்பிள்ளை, ஏட்டுச்சுவடிகளில் இருந்த கலித்தொகையை 1887 இல் பதிப்பித்தார். பழந்தமிழ் நூல்கள் அழியாமல் அச்சேறியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. இருமொழிக் கல்வியில் பூர் கொண்டிருந்த நம்பிக்கைக்கு இது சான்றாகும்.

நினைவு

மதுரை அமெரிக்கன் கல்லூரியின் நூலகம் டானியல் பூர் நினைவு நூலகம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. வட்டுக்கோட்டையில் 1872 இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரி, குருமடத்தின் வழித்தோன்றலாகக் கருதப்படுகிறது.