சொல் தேடிய கொல்லர் மகன்



அனோடு, கேத்தோடு, அயான் என்று கெமிஸ்ட்ரியில் நாம் மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சொற்கள் எப்படிப் பிறந்தன தெரியுமா? அதுதான் மைக்கேல் ஃபாரடேயின் கதை.

1791 செப்டம்பர் 22-ல் லண்டனை ஒட்டிய ஊரில் பிறந்தார். அப்பா இரும்படிக்கும் கொல்லர். வீட்டில் வறுமை. எழுத, படிக்க, கணக்குப் போட, அவ்வளவுதான் பள்ளிப் படிப்பு. 14 வயசில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படிச்சு அறிவை வளர்த்தார். 1812-ல் சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். அடுத்த வருஷமே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை! 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்றைய ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதிலிருந்து வந்தவையே.

அடுத்து மின்னாற்பகுப்பு. கரைசலில் மின்சாரம் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அப்போது துருவம் என்றார்கள். துருவம் என்றால் காந்தம் மாதிரி இழுக்கும் என்றுதானே தோணும்? அது இழுக்கவில்லை, வெறும் வாசல்தான் என்பது ஃபாரடேயின் முடிவு. தப்பான சொல் தப்பான கருத்தைக் கொடுத்துடும். ஆகவே புதுச் சொல் வேண்டும்.

ஆனால் அவருக்குக் கிரேக்கம் தெரியாது. கேட்க வெட்கப்படவும் இல்லை. 1834-ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெலுக்குக் கடிதம் எழுதினார். ஹ்யூவெல் ஒரு தச்சரின் மகன்! பூமியின் காந்தம் மின்சாரத்தால் உண்டானால், அது கிழக்கிலிருந்து மேற்காக ஓட வேண்டும் என்பது ஃபாரடேயின் கணக்கு. கிழக்கு சூரியன் ஏறும் பக்கம், மேற்கு இறங்கும் பக்கம். கிரேக்கத்தில் 'அனா' என்றால் மேலே, 'கேட்டா' என்றால் கீழே, 'ஹோடோஸ்' என்றால் வழி. ஏறும் வழி அனோடு, இறங்கும் வழி கேத்தோடு. அயான் என்றால் போவது. ஒரு பெரிய வாக்கியம் ஒரே சொல்லில் அடங்கிடுச்சு!

பிறகு காந்தத்தில் டயாமேக்னடிக், பாராமேக்னடிக் வந்தன. 'டயா' என்றால் குறுக்கே, டயாமீட்டரில் இருப்பதும் அதே. 'பாரா' என்றால் பக்கத்தில், பாராலலில் இருப்பதும் அதே.

1867 ஆகஸ்ட் 25-ல் ஃபாரடே மறைந்தார். கப்பாசிட்டன்ஸின் அலகான ஃபாரட் அவர் பெயரைச் சொல்கிறது.

நண்பர்களே, எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தமிழ் மீடியத்தில் படித்த நம்மில் பலருக்கு இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தாலே நடுக்கம். அந்தச் சொற்களை உருவாக்கியவரே ஒருத்தரைக் கேட்டுத்தான் உருவாக்கினார். நாமும் முன்னால் நிற்கும் துண்டைப் பிரித்துப் பார்ப்போம், புரியாததைக் கேட்போம், வெல்வோம்!

— இரண்டாம் ஆண்டு மின்னியல் மாணவன்