எல்விஸ் பிரெஸ்லி: டாக்டர் சீட்டில் வந்த போதை!

1977 ஆகஸ்ட் 16. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள கிரேஸ்லேண்ட் மாளிகை. அன்று இரவு விமானம் ஏறி, மறுநாள் போர்ட்லேண்டில் பாடவேண்டிய எல்விஸ் பிரெஸ்லி, மதியம் குளியலறையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பலனில்லை. 'ராக் அண்ட் ரோல் ராஜா'வுக்கு அப்போது வயது 42தான்.

இதயத் துடிப்பு சீர்குலைந்ததே காரணம் என்றது மருத்துவ அறிக்கை. ஆனால், ஆய்வகச் சோதனையில் அவர் உடலில் கோடீன், டயஸெபாம் உட்பட பத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் தெரியவந்தன. ஹெராயின், கொக்கைன் எதுவும் இல்லை. எல்லாம் டாக்டர் சீட்டு இருந்தால் கடையிலேயே கிடைக்கிற மருந்துகள்!

எப்படி ஆரம்பித்தது?

1935-ல் மிசிசிப்பியின் டுபெலோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் எல்விஸ். 1956-க்குள் உலகமே அறிந்த நட்சத்திரம். 1958-ல் ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனி போனார். விழித்திருக்க உதவும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகள் அங்குதான் பழக்கமானதாகச் சொல்கிறார்கள் அவரது வாழ்க்கையை எழுதியவர்கள். விழிக்க ஒன்று போட்டால், தூங்க இன்னொன்று வேண்டும். அதான் சிக்கல்.

1969-ல் லாஸ் வேகாஸில் நான்கே வாரங்களில் 57 நிகழ்ச்சிகள். அதன்பின் ஊர் ஊராகப் பயணம். உடம்பு கேட்ட ஓய்வை மாத்திரைகள் கொடுத்தன.

நிக்ஸனைச் சந்தித்தது ஏன்?

1970 டிசம்பர் 21-ல் எல்விஸ் வெள்ளை மாளிகைக்கே போய் அதிபர் நிக்ஸனைச் சந்தித்தார். போதைப்பொருள் ஒழிப்புக்கு உதவுவதாகச் சொல்லி, போதைத் தடுப்புத் துறையின் பேட்ஜையும் வாங்கி வந்தார். இது நடிப்பு இல்லை. தெருவில் விற்பதுதான் போதை, டாக்டர் கொடுப்பது மருந்து என்று அவர் நிஜமாகவே நம்பினார். மருந்து விவரக் கையேட்டை வாங்கிவைத்துப் படித்ததால், எல்லாம் தெரியும் என்ற தைரியம் வேறு.

மூன்றே வருடத்தில், பெத்திடின் என்ற வலிநிவாரணிக்கு அடிமையாகி, 1973 அக்டோபரில் மெம்ஃபிஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தேறி வந்தார். ஆனால், பழக்கம் விடவில்லை. கடைசி வருட மேடைகளில் உடல் ஊதி, பாட்டு வரிகளே தடுமாறின.

டாக்டர் என்ன ஆனார்?

1977-ன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் எல்விஸ் பெயரில் 10,000 டோஸுக்கு மேல் எழுதிக்கொடுத்திருந்தார் அவரது டாக்டர் ஜார்ஜ் நிக்கோபோலஸ். நான் கொடுக்காவிட்டால் வேறு யாரிடமாவது வாங்குவார், அதனால் கட்டுக்குள் வைக்கத்தான் கொடுத்தேன் என்பது அவர் வாதம். 1980-ல் டென்னசி மருத்துவ வாரியம் அவரது உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தியது. 1981-ல் நீதிமன்றம் விடுவித்தது. 1995-ல் உரிமம் நிரந்தரமாகவே பறிபோனது.

நாம் கவனிக்க வேண்டியது என்ன?

நேற்று ஒரு மாத்திரையில் வந்த தூக்கம் இன்று இரண்டில்தான் வருகிறது என்றால், அதுதான் முதல் எச்சரிக்கை. பல டாக்டர்களிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குவது அடுத்தது. பயந்துபோய் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, படிப்படியாகக் குறைப்பதே வழி. எல்விஸைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. அவர் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று கடைசிவரை உறுதியாக நிற்கத்தான் ஆள் இல்லை.