பெருந்தலைவர் காமராசரும் நெருக்கடி நிலையும்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவன்று இலட்சக்கணக்கான மக்கள் மலையை வலம் வருகின்றனர். அன்று காவல்துறையினர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுகின்றனர். விழா முடிந்ததும் அத்தடை நீங்கிவிடும் என்பதை அறிந்த மக்கள் அதற்கு இசைகின்றனர். ஒழுங்கிற்காக மக்கள் தாமே இசைந்து விட்டுக்கொடுப்பது வேறு; ஒழுங்கின் பெயரால் அவர்தம் உரிமை பறிக்கப்படுவது வேறு. இவ்வேறுபாட்டைப் பட்டறிவால் உணர்ந்தவர் பெருந்தலைவர் காமராசர்.

அவர் 1903 ஆம் ஆண்டு சூலை 15 ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் பள்ளிக் கல்வி பாதியில் நின்றது. 1930 இல் உப்பு அறப்போரில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறை புகுந்தார். பின்னர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், விசாரணை ஏதுமின்றி வேலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். திருவண்ணாமலையும் அந்நாளில் வேலூரைத் தலைநகராகக் கொண்ட வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவர் சிறையிலிருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரை நகராட்சித் தலைவராக்கினர். 1942 போராட்டத்தில் மீண்டும் சிறைப்பட்டு, 1945 இல்தான் வெளிவந்தார். அந்நிய அரசும் பொது அமைதியையே காரணம் காட்டியது என்பதை நாம் மறத்தலாகாது.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து பள்ளிகளைப் பெருக்கினார், மதிய உணவு அளித்தார், அணைகள் கட்டினார். அவர் ஆட்சியிலும் ஒழுங்கிற்கும் உரிமைக்கும் மோதல் எழாமலில்லை. 1957 இல் அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். எனினும் இதழ்கள் அவரைக் குறைகூறின, எதிர்க்கட்சிகள் மேடையேறின. 1967 தேர்தலில் விருதுநகர் மக்கள் ஓர் இளைஞரிடம் அவரைத் தோற்கச் செய்தனர். அத்தீர்ப்பை அவர் மனமார ஏற்றார்.

1975 சூன் 25 ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர், 1966 இல் காமராசரின் துணையோடு தலைமையமைச்சரான இந்திரா காந்தி அம்மையார். தொடர்வண்டிகள் நேரத்தில் ஓடுகின்றன, வேலைநிறுத்தங்கள் ஒழிந்தன எனப் பெருமை பேசப்பட்டது. அதற்குக் கொடுத்த விலையோ பெரிது. இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டன. செயப்பிரகாசர் முதலான தலைவர்கள் சிறைப்பட்டனர். 21 திங்களில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் காவலில் வைக்கப்பட்டனர்.

முதுமையும் நோயும் வாட்டிய நிலையிலும் காமராசர் அதனை ஏற்றாரில்லை. அக்கவலையோடே 1975 அக்டோபர் 2 ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், மறைந்தார். 1976 சனவரி 31 இல் தமிழக அமைச்சரவை கலைக்கப்பட்டபின் இங்கும் சிறைக்கதவுகள் திறந்தன. 1977 இல் மக்கள் வாக்குச்சீட்டால் விடை பகர்ந்தனர். 1978 இல் 44 ஆம் திருத்தம், உயிருரிமையை நெருக்கடியிலும் நிறுத்திவைக்க இயலாதென வகுத்தது.

கேள்வி கேட்பார் இல்லாத அமைதி ஒழுங்கன்று. அது வாய்மூடிய அச்சமே. தம்மைத் தோற்கடிக்கும் உரிமையையும் மக்களுக்கு விட்டுவைத்தவரே நல்லாட்சியாளர் என்பதைக் காமராசர் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.