இரட்டைமலை சீனிவாசன்: ஆணை வந்தது, தண்ணீர் வரவில்லை

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர் அப்பகுதியில் இரட்டைக் குவளைத் தேநீர்க்கடையையும் கண்டார். பொது நீர்நிலை எல்லோர்க்கும் உரியது என 98 ஆண்டுகளுக்கு முன்பே அரசை ஒப்புக்கொள்ள வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

செங்கல்பட்டுப் பகுதிக் கோழியாளத்தில் பிறந்த அவர் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட பெயரையே இதழுக்குச் சூட்டியது அன்று சிறிய துணிவன்று. பின்னர் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பி, 1923இல் சென்னை சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே பொதுச் சாலை, கிணறு, குளம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கலாகாது என்னும் தீர்மானத்தை நிறைவேற்றச் செய்தார், அது அரசாணையுமானது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானமாதலால் அவ்வாணை இம்மண்ணைத் தொடவில்லை. ஆணை செல்லுபடியான மாகாணத்திலும் கிணற்றுக் காவல் ஆதிக்கச் சாதியரிடமே இருந்தது.

எனவேதான் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் இணைந்து தனி வாக்காளர் தொகுதி கோரினார். தம் மக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட உறுப்பினரை அம்மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கை. 1932 பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் கூடின. இறுதித் தேர்வு பொது வாக்காளர் கைக்குப் போயிற்று. அதில் அவரும் கையொப்பமிட்டார். 1945இல் மறைந்தார்.

வேங்கைவயல் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர். 2025 ஜனவரியில் காவல்துறையின் குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட சமூகத்தினர் மூவரையே குற்றஞ்சாட்டியது. ஊரார் அதை ஏற்கவில்லை.